சொந்தத் தொடர்பு எதுவும் இல்லை

ஜூன் 2, திங்கள்

கடைசியில என் தலையிலதான் கட்டினாங்க. ஜூலை இருபதாம் தேதி நம்ம மருத்துவர் சங்கக் கிளை நடத்தப்போற தொடர் மருத்துவக் கல்விக் கருத்தரங்குக்கு நான்தான் கல்விச் செயலாளர். தலைவர் ஆவுடையப்பன் சார் எல்லார் முன்னாலயும் சிரிச்சுக்கிட்டே சொல்லுதார்: "மங்கையர்க்கரசி மேடம் இருந்தா கம்பெனிக்காரன் வாசல்லயே செருப்பைக் கழட்டிட்டு நிப்பான். நமக்கு இப்ப அதுதான் வேணும்."

போன வருஷம் பட்ட அவமானம் அப்படி. பேச வந்த பெரிய டாக்டர் திரையில காட்டின படம் பூரா மருந்துக் கம்பெனி செஞ்சு கொடுத்தது. கடைசிப் படத்துல கம்பெனி மேலாளர் பேரைக்கூட அழிக்காம விட்டுட்டார் மகராசன். மருத்துவக் கவுன்சில் அனுப்பின பார்வையாளர் பின் வரிசையில இருந்து எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டுப் போனார். உரிமத்தைப் புதுப்பிக்கிறதுக்கு வேண்டிய பாயிண்ட் ஒருத்தருக்கும் கிடைக்கலை. பிரியாணி சாப்பிட்டதுதான் மிச்சம்.

இந்தத் தடவை அது நடக்காது. பேசுறவங்க, அமர்வுக்குத் தலைமை வகிக்கிறவங்க, கமிட்டி ஆட்கள், அத்தனை பேரும் எந்தக் கம்பெனியோட என்ன தொடர்புன்னு முதல் படத்துலயே போட்டுக் காட்டணும். மடியில கனம் இல்லைன்னா வழியில என்ன பயம்?

வீட்டுக்கு வந்தா இவர், என் வீட்டுக்காரர், மாடியில இருந்து கைப்பிடியைத் தொடாம இறங்கி வாரார். முதுகெலும்பு விறைச்சுப்போய், காலையில கட்டில்ல இருந்து மரத்தடியை உருட்டுற மாதிரி உருண்டு எழுந்த மனுஷன். காலேஜுல ஸ்டூல் போட்டு உக்காந்து பிசிக்ஸ் நடத்தினவர். கெல்டோரா மாத்திரை ஆரம்பிச்ச பிறகு ஒரு நாள் நின்னுக்கிட்டே போர்டுல எழுதியிருக்கார், பிள்ளைகள் கை தட்டியிருக்கு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். நானும்தான்.

மோட்டார் ரிப்பேர்காரன் இன்னைக்கும் வரலை. சவம், வேற ஆளைப் பார்க்கணும்.

ஜூன் 6, வெள்ளி

விதியை எழுதி கமிட்டியில வாசிச்சேன். "பேச்சாளரோ அவர் குடும்பத்தினரோ" என்ற இடத்துல ஆவுடையப்பன் சார் கையைத் தூக்கிட்டார்.

"குடும்பம் எதுக்கு மேடம்? என் மச்சினன் மருந்து மொத்த வியாபாரம் பண்ணுதான். அவன் கதையெல்லாம் நான் திரையில போட்டா நல்லாவா இருக்கும்?"

எல்லாரும் சிரிச்சாங்க. அதுவும் நியாயமாத்தான் பட்டுது. குடும்பத்தினரை எடுத்துட்டேன். வாக்கியமும் ரொம்ப நீளமா இருந்துது.

ஜூன் 9, திங்கள்

செல்வின் வீட்டுக்கு வந்தான். கெல்டோரா கம்பெனிப் பிரதிநிதி. கருத்தரங்குக்கு அவங்க கம்பெனியும் நிதி கொடுக்குது, அதனால ஆரம்பத்துலயே கறாராப் பேசிட்டேன்.

"இங்க பாருங்க செல்வின், ஹாலுக்குள்ள பேனர் கிடையாது. ஸ்டால் வராந்தாவோட சரி. உங்க பேர் போட்ட பை, பேனா, தண்ணி பாட்டில் ஒண்ணும் என் கண்ணுல படக்கூடாது."

"பேனாகூடவா மேடம்?"

"பேனாகூடத்தான். டாக்டருங்க வீட்டுல இருந்து கொண்டு வரட்டும்."

தலையைத் தலையை ஆட்டினான். பாவம், நல்ல பையன். போகும்போது முன் அறையில இவர்கிட்ட இந்த மாசத்துச் சாம்பிள் அட்டைகளைக் கொடுத்துட்டுப் போனான். மருந்து சென்னையோட நிக்குது, நம்ம ஊர்க் கடைகளுக்கு இன்னும் வரலை. செல்வின் கொண்டு வந்தாத்தான் உண்டு. சாம்பிள் எந்த டாக்டர் வீட்டுல இல்லை? அலமாரியைத் திறந்தா எல்லார் வீட்டுலயும் கொட்டும்.

ஜூன் 13, வெள்ளி

காஜா முகைதீன் கிளினிக்குக்கே வந்துட்டார். மேலப்பாளையத்துல நெஞ்சு நோய் பார்க்கிறவர். குரலை உயர்த்தவே மாட்டார், பைய பையப் பேசியே ஆளைக் கொன்னுருவார்.

சென்னையில இருந்து கெல்டோரா வாங்கிச் சாப்பிட்ட நாலு பேருக்குக் காசநோய் வந்து தன்கிட்ட வந்திருக்காங்களாம். மூட்டு வலியை அடக்குறதுக்கு எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்துற மருந்து அது. நம்ம ஊர்ல பாதிப் பேர் உடம்புல காசநோய்க் கிருமி சத்தமில்லாம தூங்குது, மருந்து அதை எழுப்பி விடுதுன்னு சொல்லுதார். எனக்குத் தெரியாததா? சென்னைப் பேச்சாளர் இந்த மருந்தைப் பத்திப் பேசி முடிச்சதும் தனக்குப் பத்து நிமிஷம் வேணுமாம்.

"நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போயாச்சு டாக்டர். அதுவும் போக நாலு பேரை வச்சு என்ன முடிவுக்கு வர முடியும்? அது ஆதாரம் இல்லை, கதை."

"கதைதான் மேடம். நாலு கதையும் ஒரே மாதிரி இருக்கு. நாலு பேருக்கும் மருந்து ஆரம்பிக்கும் முன்ன எக்ஸ்ரே எடுக்கலை."

"அது அடிப்படை டாக்டர். யாருக்குத் தெரியாது?"

அவர் காப்பி வேண்டாம்னுட்டுப் போயிட்டார். நிரல் அச்சுக்குப் போகலை, திங்கள்கிழமைதான் போகுது. ஆனா ஒருத்தருக்கு இடம் கொடுத்தா எல்லாரும் கேப்பாங்கள்லா. செயலாளர்னா பாரபட்சம் பார்க்க முடியாது.

ஜூன் 14, சனி

இவர் பேன்ட் எல்லாத்தையும் இடுப்பு பிடிக்க டெய்லர்கிட்ட கொடுத்தேன். தினம் நடக்கிறதால இளைச்சு, கல்யாணத்துல பார்த்த மாதிரி இருக்கார்.

ஜூன் 22, ஞாயிறு

குற்றாலம். சாரல் அப்படியே முகத்துல அடிக்குது. இவர் பேரே குற்றாலிங்கம், ஆனா அருவிக்குக் கீழ நின்னு எத்தனையோ வருஷம் ஆச்சு. போன சீசனுக்கெல்லாம் வண்டியில இருந்து இறங்காம, கண்ணாடி வழியாப் பார்த்துட்டு வந்தவர். இன்னைக்குக் கூட்டத்துல முண்டியடிச்சு உள்ள போயிட்டார்! தண்ணி முதுகுல அறையுது, இவர் கையைத் தூக்கிட்டு நிக்கார்.

"ஏட்டி டாக்டரம்மா, இங்க பாரு! முதுகு!"

ஊரே திரும்பிப் பார்த்துது. எனக்கு வெக்கமாவும் இருந்துது, சந்தோஷமாவும் இருந்துது. இந்த மனுஷனை இப்படியே வச்சிரணும் சாமின்னு குற்றாலநாதர்கிட்ட வாய்விட்டே கேட்டுட்டேன். வேற ஒண்ணும் கேட்கலை.

ஜூன் 27, வெள்ளி

அருவிச் சளி இவருக்கு விடமாட்டேங்குது. வறட்டு இருமல். முன்னாலயும் கொஞ்சம் இருந்துதுதான். அது காலேஜ் சுண்ணாம்புத் தூசி. மிளகு, சித்தரத்தை போட்டுக் கொடுத்தேன்.

சென்னை டாக்டர் சந்தானகிருஷ்ணனோட படங்கள் வந்துட்டுது. அவரே தயாரிச்சதுதான், வரி வரியாப் பார்த்தேன். ஒரு கம்பெனி அடையாளமும் இல்லை. எக்ஸ்ரே, காசநோய்ப் பரிசோதனை பத்தின படம் கடைசியில இருக்கு. நேரம் இருந்தா காட்டுங்க, இல்லைன்னா விட்டுரலாம்னு பதில் போட்டேன். டாக்டருங்களுக்கு இதைப் போய்ப் படம் போட்டா சொல்லணும்?

இவருக்கு ஆரம்பிக்கும்போது எடுத்தோமா? எடுக்கணும்னு நினைச்சேன். நல்லா ஞாபகம் இருக்கு, நினைச்சேன். அப்ப வலி அப்படி, ஒரு நாள்கூடக் காத்திருக்க முடியலை.

ஜூலை 1, செவ்வாய்

தலையணை உறை எல்லாம் ஊற வச்சேன். ஃபேன் கெபாசிட்டர் போயிட்டுது போல, மெதுவாச் சுத்துது, இவருக்கு ஒரே வேர்வை. எனக்குத் தெரியலை, நான் போர்வை போத்திப் படுக்கிற ஆள்.

ஜூலை 4, வெள்ளி

ஆவுடையப்பன் சார் வீட்டுக்கு வந்திருந்தார். இவர் குனிஞ்சு கீழ விழுந்த பேப்பரை எடுத்துக் கொடுத்ததைப் பார்த்துட்டு அசந்து போயிட்டார்.

"வே குற்றாலிங்கம், நீரு நடந்தா பொம்மை நடக்கிற மாதிரில்லா இருக்கும்! மேடம், பேச்சு முடிஞ்சதும் சாரை மேடையில ஏத்திக் குனியச் சொல்லுங்க. நூறு படம் காட்டினாலும் இதுக்கு ஈடாகாது."

கம்பெனி ஆளைக் கூட்டிட்டு வந்து சாட்சி சொல்ல வைக்கக்கூடாதுன்னு விதியில நானே எழுதியிருக்கேன். இது கம்பெனி ஆள் இல்லையே, நம்ம வீட்டு ஆள். இவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. வாத்தியாருக்கு மைக் கிடைச்சா விடுவாரா?

ஜூலை 8, செவ்வாய்

நெல்லையப்பர் தேரோட்டம். இவர் வடம் பிடிப்பேன்னு ஒத்தைக் கால்ல நின்னார். பிடிச்சார். தேர் நிலையை விட்டு அசைஞ்சதும் ஜனம் போட்ட சத்தத்துல எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுது. தெரு முக்குல ஒரு பூட்டின கடைப் படியில உக்காந்துட்டார். மூச்சு வாங்குது. இத்தனை வருஷம் அசையாம இருந்த உடம்பு, வாங்கத்தான் செய்யும். அல்வா வாங்கிட்டு வந்தோம், இவர் தொடலை.

ஜூலை 11, வெள்ளி

வண்ணார்பேட்டை ஹோட்டல் ஹாலைப் பார்க்கப் போன இடத்துல காஜா முகைதீன் எதிர்ல வந்தார். செய்தி அதுக்குள்ள பரவிட்டுது.

"சார் மேடையேறுறாராமே?"

"ஆமா. சும்மா ரெண்டு நிமிஷம்."

"நாலு பேர் சொன்னா கதை. ஒருத்தர் குனிஞ்சா ஆதாரமா மேடம்?"

எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. பொறாமைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லலை, அந்த மட்டுக்கும் நல்லது. என்ன தைரியம் இருந்தா என்கிட்டயே கேப்பார்? ஒரு பேனா வாங்காதவ நான். கமிட்டிச் சாப்பாட்டுல கம்பெனி இனிப்பைக்கூட ஒதுக்கி வச்சவ. பாளையங்கோட்டைக்கு வர்ற வரைக்கும் மனசுக்குள்ள அவரோட சண்டை போட்டேன். ஒரு சண்டையிலயும் ஜெயிக்கலை.

ஜூலை 15, செவ்வாய்

சாயங்காலம் இவர் நெத்தியில கை வச்சேன். வெதுவெதுன்னு இருந்துது. வெயில்ல வந்தவர். தெர்மாமீட்டரை எங்க வச்சேன்னு தெரியலை.

ஜூலை 16, புதன்

தெர்மாமீட்டர் என் கைப்பையிலதான் இருக்கு.

ஜூலை 18, வெள்ளி

நினைவுப் பரிசு, பொன்னாடை, மைக் செட், பெயர் அட்டை. கவுன்சில் பார்வையாளருக்கு ரூம் போட்டாச்சு. சைவச் சாப்பாடு கூடுதலா சொல்லணும். இவர் கண்ணாடி முன்னால நின்னு குனிஞ்சு நிமிர்ந்து பழகுதார். குனியும்போது இருமல் வந்தா நிறுத்திட்டு, அடங்கினதும் மறுபடி குனியுதார். தொண்டைக்கு மிட்டாய் வாங்கி வச்சிருக்கேன். ஞாயிறு முடியட்டும், முழுசா ஒரு செக்கப் பண்ணிரலாம். எதுவா இருந்தாலும் ஞாயிறு முடியட்டும்.

ஜூலை 20, ஞாயிறு

கருத்தரங்கு முடிஞ்சுது. சாப்பாடு நல்லா இருந்துதுன்னாங்க.

ஜூலை 21, திங்கள்

எழுதாம தள்ளிட்டுப் போக முடியலை. எழுதுதேன்.

ஹால் நிறைஞ்சிருந்துது. சந்தானகிருஷ்ணன் நல்லா பேசினார். அவர் முதல் படத்துல தன் தொடர்புகளை ஒழுங்கா போட்டிருந்தார்: இன்ன கம்பெனியில ஆலோசனை, இன்ன கம்பெனி ஆய்வு. தலைமை வகிச்ச என் படமும் வந்துது. "டாக்டர் மங்கையர்க்கரசி. சொந்தத் தொடர்பு எதுவும் இல்லை." நாலு பேர் கை தட்டினாங்க. நேரம் போதாம அவர் அந்தக் கடைசிப் படத்தை விட்டுட்டார். நான்தான் விடலாம்னு சொன்னேனே.

பிறகு இவர் ஏறினார். புதுச் சட்டை, காலர்ல மாட்டின மைக். முட்டி மடங்காம குனிஞ்சு பெருவிரலைத் தொட்டார். ஹால் அதிர்ந்துது. ஆவுடையப்பன் சார் எழுந்து நின்னு தட்டினார். இவர் நிமிர்ந்து, "எல்லாருக்கும் வணக்கம்"னு ஆரம்பிச்சார். இருமல் வந்துட்டுது.

சாதாரண இருமல் இல்லை. அடங்குற மாதிரி போயி மறுபடி எடுத்துது. காலர் மைக் ஆனதால நாலு மூலை ஸ்பீக்கர்லயும் கேட்டுது. வீட்டுல அடுப்படியில நின்னு கேட்டது வேற. அங்க அது என் புருஷன் இருமல். இங்க அது ஒரு நோயாளியோட இருமல். கேட்ட மாத்திரத்துல எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஹால்ல இருந்த ஒவ்வொருத்தருக்கும் தெரிஞ்சு போச்சு. எல்லாரும் டாக்டருங்கள்லா. ஒருத்தர் வாயைத் திறக்கலை, செயலாளர் வீட்டுக்காரராச்சே. சிலர் கையில இருந்த நிரலைப் பார்த்தாங்க, சிலர் போனைப் பார்த்தாங்க.

காஜா முகைதீன் மட்டும் எழுந்து வந்தார். மேடைக்குக் கீழ நின்னு தண்ணி பாட்டிலை நீட்டி, இவர்கிட்ட மட்டும் கேட்கிற மாதிரி பைய கேட்டார். அந்த மைக் எல்லாத்தையும் வாங்கி ஊருக்கே சொல்லிட்டுது.

"எவ்வளவு நாளா சார் இது?"

"அருவிச் சளி டாக்டர். அதுக்கு முன்ன கொஞ்சம் உண்டு."

"சாயங்காலம் காய்ச்சல்?"

"லேசா. வேர்த்தா போயிரும்."

"மாத்திரை ஆரம்பிக்கும் முன்ன எக்ஸ்ரே எடுத்தீங்களா?"

இவர் சிரிச்சார். "எக்ஸ்ரே எதுக்கு? டாக்டர் வீட்டுலயே இருக்காள்லா."

பின்னால யாரோ சிரிச்சுட்டு, பட்டுன்னு நிறுத்தினது கேட்டுது.

நான் எழுந்தது ஞாபகம் இருக்கு. தமிழும் இங்கிலீஷுமா உளறினேன். சொன்னது இவ்வளவுதான். என் படத்துல போட்டது பொய். இந்த மருந்து மாசா மாசம் கம்பெனியில இருந்து எங்க வீட்டுக்குச் சும்மா வருது. எக்ஸ்ரே எடுக்காம கொடுத்தது நான். காஜா முகைதீன் பத்து நிமிஷம் கேட்டார், இல்லைன்னது நான். அந்த மருந்தைப் பத்தி யாராவது தப்பாச் சொன்னா எனக்குப் பிடிக்கலை, ஏன்னா இவர் நடக்கார். டாக்டர், நீங்க பேசுங்க.

அவர் பேசினார். தன் நாலு பேரையும் பேர் சொல்லாம, வயசும் தொழிலும் சொல்லிச் சொன்னார். அஞ்சாவது ஆளைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை. பின் வரிசையில கவுன்சில் பார்வையாளர் எழுதிக்கிட்டே இருந்தார்.

இவர் என் பக்கத்து நாற்காலியில உக்காந்திருந்தார். காதோட காதா ஒண்ணுதான் கேட்டார்: "நான் இன்னும் பேசலையே மங்க. பேசவே விடலையே."

ஜூலை 23, புதன்

எக்ஸ்ரேயில வலது நுரையீரல் மேல்பக்கம் நிழல் தெரியுது. சளியில கிருமி இருக்கு. ஆயிரம் பேருக்கு இந்த முடிவைச் சொல்லியிருக்கேன்.

காஜா திட்டுவார்னு எதிர்பார்த்தேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். "குணமாகிற நோய்தான் மேடம். கெல்டோராவை இன்னைக்கே நிறுத்துங்க. சிகிச்சை முழுசா முடியட்டும், முதுகுக்கு வேற வழி பிறகு பார்ப்போம்"னார். எனக்கும் எக்ஸ்ரே எடுத்தார். என்கிட்ட ஒண்ணும் இல்லை. எனக்கு வந்திருக்கக்கூடாதான்னு இருந்துது.

அட்டைகளை எல்லாம் எடுத்து வச்சேன். இவர் பார்த்துக்கிட்டே இருந்தார்.

ஜூலை 26, சனி

செல்வினை வரச் சொல்லி மிச்ச அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தேன். கோவத்தை யார் மேலயாவது கொட்டணும்னு இருந்துது, கொட்டினேன். உங்க கம்பெனிக்கு ஒரு பொறுப்பு வேண்டாமா, ஒரு வார்த்தை எச்சரிக்க வேண்டாமா, வித்தா போதுமான்னு கேட்டேன்.

அவன் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டான். பிறகு சொன்னான்: "மேடம், முதல் தடவை கொண்டு வந்தப்பவே சொன்னேனே. எக்ஸ்ரேயும் காசநோய் டெஸ்டும் பார்த்துட்டு ஆரம்பிங்கன்னு. நீங்க, 'எனக்கே பாடமா'ன்னு கேட்டீங்க."

கேட்டிருக்கேன். வாசல்ல நின்ன இடம்கூட இப்ப கண்ணுல தெரியுது. பேனா வரைக்கும் தடை போட்டேனே, இந்தப் பையன் சொன்ன ஒரே உண்மையையும் கம்பெனிப் பேச்சுன்னு தள்ளியிருக்கேன். "உக்காருங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க"ன்னேன். அவன் குடிக்கலை. மருந்தால வந்த பாதிப்புன்னு நான் அரசு மருந்துக் கண்காணிப்புப் பிரிவுக்கு எழுதி அனுப்பணும், அவங்க கம்பெனிக்கும் ஒரு நகல் போகணும்னான். அனுப்பினேன்.

ஆவுடையப்பன் சார் போனை எடுக்க மாட்டேங்குதார். இந்த வருஷம் பாயிண்ட் கிடைக்குமான்னு எல்லாரும் அவரைப் பிய்க்காங்களாம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இருமல் குறையுது. காய்ச்சல் இல்லை. பசிக்குதுன்னு கேட்டுச் சாப்பிடுதார்.

ஆகஸ்ட் 9, சனி

விறைப்பு திரும்பிட்டுது. காலையில சத்தம் கேட்டு ஓடினேன். கட்டில்ல இருந்து எழ முடியாம, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கார். தொடப் போனேன், கையைத் தட்டிவிட்டார்.

"அந்த மாத்திரையைக் கொடு."

"என்னங்க, உயிருக்கு ஆபத்துங்க."

"இருமிக்கிட்டே நின்னுக்கிடுதேன். கொடு."

"முடியாது."

"உனக்கு நியாயம் பேசணும். எனக்கு நிக்கணும்ட்டி. மேடையில உனக்கு நல்ல பேரு கிடைச்சுது, எனக்கு முதுகு போச்சு."

நல்ல பேரா? பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன். அவர் சொல்லுறதுல பாதி பொய். மீதி பாதிதான் என்னைக் குடையுது. நான் முதல்லயே அந்த எக்ஸ்ரேயை எடுத்திருந்தா மருந்து ஆரம்பிக்கும் முன்னாலயே கிருமிக்கு மருந்து கொடுத்திருக்கலாம். பிறகு கெல்டோராவையும் கொடுத்திருக்கலாம். முதுகும் இருந்திருக்கும், நெஞ்சும் இருந்திருக்கும். ரெண்டையும் கெடுத்தது மருந்து இல்லை, கம்பெனி இல்லை. இவர் ஒரு நாள் முன்னால நடக்கணும்ங்கிற என் அவசரம்.

ஆகஸ்ட் 13, புதன்

கவுன்சில் பாயிண்ட் கொடுத்துட்டுதாம். ஆவுடையப்பன் சார் தானா கூப்பிட்டுச் சொன்னார். அடுத்த வருஷ விதியில குடும்பத்தினரைச் சேர்த்துரலாம்னார். மச்சினன் என்ன ஆவார்னு கேட்கலை. இவர்கிட்ட சொன்னேன். "சந்தோஷம்"னு சொல்லிட்டுச் சுவத்தைப் பார்த்தார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அரசுக் காசநோய்ப் பிரிவுல இருந்து சுகாதாரப் பார்வையாளர் வந்தாங்க. அந்தோணியம்மாள்னு பேரு, சின்ன வயசு. யாருக்குக் காசநோய் வந்தாலும் அரசுக்குத் தெரிவிக்கணும், அவங்க வீடு தேடி வந்து விசாரிப்பாங்க. எத்தனை நோயாளிங்க பேரை நானே இப்படி எழுதி அனுப்பியிருப்பேன். என் வீட்டு சோபா நுனியில உக்காந்து, நான் கொடுத்த மோரை ஓரமா வச்சுட்டு, இவர்கிட்ட வரிசையாக் கேட்டாங்க. மாத்திரை தவறாம போடுறீங்களா, சாப்பாடு எப்படி, வீட்டுல வேற யார். இவர் நல்லபடியாவே பதில் சொன்னார். என்கிட்ட பேசுறதை விட அந்தப் பிள்ளைகிட்ட நல்லாப் பேசினார்.

"சார், இதுக்கு முன்ன எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை ஏதோ சாப்பிட்டீங்களாமே. அதைக் கொடுத்த டாக்டர் யாரு?"

நான் வாயைத் திறக்கும் முன்ன இவர் முந்திக்கிட்டார்.

"டாக்டர் யாரும் இல்லைம்மா. முதுகு வலி தாங்கலை, சென்னையில தெரிஞ்ச ஆள் மூலமா நானா வரவழைச்சுச் சாப்பிட்டேன்."

"மேடத்துக்குத் தெரியாதா சார்?"

"தெரியாது. தெரிஞ்சா விடுவாளா? அவ ரொம்ப கண்டிப்பு."

அந்தப் பிள்ளை அதை எழுதக் குனிஞ்சுது. பத்து நாளா என் முகத்தைப் பார்க்காம இருந்தவர், எனக்காக இப்படி ஒரு பொய்யை யோசிச்சு வச்சிருந்திருக்கார். பேசாம இருந்துரலாம்னு ஒரு மனசு சொல்லிச்சு. இருந்திருந்தா என்ன, ஒரு தாள்ல ஒரு வரி. யார் வந்து கேட்கப்போறாங்க?

"அதை அடிச்சிரும்மா"ன்னேன். "நான்தான் கொடுத்தேன். எக்ஸ்ரே எடுக்காம கொடுத்தேன். மருந்து கம்பெனிச் சாம்பிள்."

அவங்க என்னையும் இவரையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க.

"டாக்டர் பேரை இனிஷியலோட சொல்லுங்க மேடம்."

சொன்னேன். இவர் முகத்தை அந்தப் பக்கமா திருப்பப் பார்த்தார். கழுத்து மட்டும் திரும்பலை. நாற்காலிக் கையைப் பிடிச்சு, இடுப்பை அசைச்சு அசைச்சு, முழு உடம்போடதான் திரும்பினார்.